ஒரு ரூபாயில் எழுந்த கலைக்கோயில்: கணேஷ் பிரசாத் வர்ணி அவர்களும் காசி ஸ்யாத்வாத மகாவித்யாலயமும்

அருகப் பெருமான் அருளிய திருவறத்தில் இல்லறத்தார்க்கு உரைக்கப்பட்ட கடமைகளுள் தானம் தலையாயது. ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம் என அது நால்வகைப்படும். ஆகார தானம் ஒரு வேளைப் பசியைத் தீர்க்கும். ஔடத தானம் உற்ற நோயை நீக்கும். அபய தானம் அஞ்சிய உயிர்க்கு அரணாகும். சாத்திர தானமோ பெற்றவன் உள்ளத்தில் வேரூன்றி, அவன் வழியே இன்னும் பிறவாத தலைமுறைகளுக்கும் பயன் தரும். இந்த உண்மையைத் தம் வாழ்வு முழுவதும் செயலில் காட்டியவர் கணேஷ் பிரசாத் வர்ணி அவர்கள். வடநாட்டுத் திகம்பரர் இல்லங்களில் வர்ணிஜி என்று சொன்னாலே கைகள் குவியும். தென்னாட்டில் அவர் வரலாறு போதிய அளவில் அறியப்படவில்லை. மகாவீரர் திருநாள் மலரில் அவர் வாழ்வையும், அவர் கைகளால் உருவான ஒரு சிறு பள்ளியின் வரலாற்றையும் எண்ணிப் பார்ப்பது பொருத்தமுடையதாகும்.

பிறப்பும் இளமையும்

புந்தேல்கண்ட் என்பது கல்லும் காடும் மிகுந்த நிலம். இன்றைய உத்தரப் பிரதேசத்தின் தென்கோடியிலும் மத்தியப் பிரதேசத்தின் வடபகுதியிலுமாக அது பரந்து கிடக்கிறது. தேவ்கட், துரோணகிரி, குண்டல்பூர் முதலிய ஜைனத் திருத்தலங்கள் அங்கே உள்ளன. அந்நிலத்தில் லலித்பூரை அடுத்த ஹசேரா என்னும் சிற்றூரில் 1874-ஆம் ஆண்டு வர்ணிஜி பிறந்தார். தந்தையார் ஹீராலால், தாயார் உஜியாரி. குடும்பம் அசாட்டி வைசிய குலத்தைச் சார்ந்தது. வழிவழியாக வைணவ நெறியைப் போற்றி வந்தது. ஆயினும் தந்தையாருக்குப் பஞ்ச நமஸ்கார மந்திரத்தின்பால் ஆழ்ந்த நம்பிக்கை இருந்தது. வைணவ இல்லத்தில் பிறந்த அக்குழந்தை முதன்முதலில் அம்மந்திரத்தின் பெருமையைக் கேட்டறிந்தது தந்தையிடமே என்பது வியப்புக்குரிய செய்தி.

சிறுவனுக்கு ஆறு வயதானபோது குடும்பம் மடாவரா என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஜினாலயங்கள் பல இருந்தன. வீட்டருகில் இருந்த ஆலயத்தில் நாள்தோறும் பத்ம புராணம் வாசிக்கப்படும். இராமபிரானின் கதையை ஜைன மரபில் கூறும் அந்நூலைக் கேட்பதற்காகச் சிறுவன் ஆலய வாயிலில் சென்று அமர்வான். கதை கேட்கச் சென்றவனை அறம் ஈர்த்துக்கொண்டது. பத்து வயதில், ஒருவரும் வற்புறுத்தாமலே, இரவில் உண்பதில்லை என்று நோன்பு ஏற்றான். ஒரு குழந்தை எடுத்த அந்த முடிவு இல்லத்திலும் சுற்றத்திலும் எவ்வளவு சலசலப்பை உண்டாக்கியிருக்கும் என்பதை நாம் எளிதில் உய்த்துணரலாம். சிறுவன் தளரவில்லை. தந்தையார் அதற்குத் தடையாக நிற்கவில்லை.

பதினைந்து வயதளவில் இந்தி நடுநிலைப் பள்ளித் தேர்வில் அவர் தேர்ச்சி பெற்றார். அக்கால வழக்கப்படி பதினெட்டு வயதில் திருமணம் நடந்தது. சிறிது காலத்திற்குள் தந்தையார் மறைந்தார். இறக்கும் தறுவாயிலும் நமஸ்கார மந்திரத்தைக் கைவிடாதிருக்குமாறு மகனுக்கு அறிவுறுத்தியே அவர் கண்மூடினார். குடும்பப் பொறுப்பை ஏற்ற இளைஞர் சிற்றூர்ப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். தாயும் மனைவியும் அவரைக் குலநெறிக்குத் திரும்புமாறு மன்றாடினர். அவரால் இசைய இயலவில்லை. தாம் மெய்யென்று தெளிந்த நெறிக்கும் தம்மைச் சார்ந்தோர் கண்ணீருக்கும் இடையே நின்று அவர் பட்ட துன்பத்தைப் பிற்காலத்தில் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் மறைக்காமல் பதிவு செய்துள்ளார். இறுதியில் அவர் இல்லத்தைப் பிரிந்தார். அப்பிரிவின் துயரில் பெரும்பங்கைச் சுமந்தவர்கள் அவ்விரு பெண்மணிகளே என்பதை நாம் மறத்தலாகாது.

தருமத் தாய்

வாழ்வு திசையறியாது நின்ற அந்நாளில் சிம்ரா என்னும் ஊரில் அவருக்கு ஓர் அன்னை கிடைத்தார். சிரோஞ்சாபாய் என்னும் அந்த அம்மையார் இளமையிலேயே கணவரை இழந்தவர், மகப்பேறு இல்லாதவர், ஓரளவு சொத்துடையவர், நோன்பிலும் ஈகையிலும் நாள் கழித்தவர். தம் இல்லத்திற்கு உணவருந்த வந்த இளைஞரைக் கண்ட மாத்திரத்தில், முற்பிறவித் தொடர்பு இருந்தாற்போல, அம்மையார் உள்ளத்தில் தாயன்பு பெருகியது. அன்று முதல் அவரைத் தம் மகனாகவே ஏற்றுக்கொண்டார். பாய்ஜி என்று அழைத்து வர்ணிஜி அவரைப் போற்றினார். தருமத் தாய் என்று உலகம் அவரை வழங்கலாயிற்று.

பெற்ற தாயை நீங்கி வந்தவர்க்கு வளர்ப்புத் தாய் வாய்த்ததோடு இச்செய்தி முடிந்துவிடவில்லை. அக்காலத்தில் ஒரு கைம்பெண் தன் உடைமையைத் தானே ஆண்டு, தன் விருப்பப்படி அறத்திற்குச் செலவிடுவது எளிதன்று. சிரோஞ்சாபாய் அதனைத் துணிந்து செய்தார். மகன் எந்நகரில் கற்கச் சென்றாலும் அங்கே அவருக்குப் பொருள் வந்து சேரும். பிற்காலத்தில் சாகர் நகரில் மகனுடன் தங்கி, பாடசாலை மாணவர்க்கெல்லாம் அன்னையாக அவர் விளங்கினார். வர்ணிஜி நிறுவிய கல்விச்சாலைகளின் வரலாற்றை எழுதுவோர் அவ்வம்மையாரின் பெயரை முதல் வரியில் எழுதுதல் முறையாகும்.

கல்வியைத் தேடி

அந்நாளில் புந்தேல்கண்டின் ஊர்தோறும் ஜினாலயங்கள் இருந்தன, சிராவகர்கள் இருந்தனர், ஏட்டுச் சுவடிகளும் பேழைகளில் இருந்தன. அவற்றை எடுத்துப் பொருள் உரைக்க வல்லவர்களே அரியராயிருந்தனர். தத்துவார்த்த சூத்திரத்தைப் பிழையின்றி வாசிப்பவரே பெரும்பண்டிதராக மதிக்கப்பட்ட நிலை. நெறியை ஏற்றுக்கொண்ட நம் இளைஞருக்கு அந்நெறியின் தத்துவத்தை முறையாகக் கற்க வேண்டும் என்னும் வேட்கை மூண்டது.

ஜெய்ப்பூர் சென்று கற்கப் புறப்பட்டவர் வழியில் குவாலியரில் தம் பொருள்களைக் களவு கொடுத்தார். கையில் காசின்றி, கிடைத்ததை உண்டு, நெடுவழி நடந்து திரும்பினார். தோற்றுத் திரும்பியவராக அன்னையின் முகத்தில் விழிக்கவும் நாணினார். பின்னர்த் திருத்தலங்களை வணங்கியவாறு மும்பை சேர்ந்தார். அங்கே நல்லோர் சிலர் துணை செய்ய, வடமொழி இலக்கணத்தையும் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தையும் கற்கத் தொடங்கினார். பண்டிதர் கோபால்தாஸ் பரையா அவர்களின் தொடர்பும் அவருக்கு வாய்த்தது. அதன்பின் ஜெய்ப்பூர், மதுரா, குர்ஜா என ஊர் ஊராகச் சென்று கற்றார். கல்வியின் நடுவிலேயே மனைவி மறைந்த செய்தி வந்தது. அதன்பின் துறவு நோக்கி அவர் மனம் முழுமையாகத் திரும்பியது.

காசியில் மூடப்பட்ட கதவு

வடமொழியில் நியாய சாத்திரத்தை ஆழ்ந்து கற்க விழைவோர்க்கு அன்றும் காசியே புகலிடம். முப்பதாம் வயதில் மாணவராக வர்ணிஜி அந்நகரை அடைந்தார். பெயர்பெற்ற நையாயிகர் ஒருவரின் இல்லம் தேடிச் சென்று, பணிந்து, தமக்குக் கற்பிக்குமாறு வேண்டினார். பண்டிதர் அவருடைய குலத்தையும் சமயத்தையும் வினவினார். ஜைனர் என்று அறிந்தவுடன் கடுமொழி கூறி வெளியேற்றினார். வேதத்தை ஏலாதவர்க்கு நியாயம் கற்பிப்பதில்லை என்பது அவர் கொண்ட முடிவு.

வர்ணிஜி கண்ணீருடன் திரும்பினார். அன்றிரவு அவருக்கு உறக்கம் வரவில்லை. காசி மாநகரம் ஏழாம் தீர்த்தங்கரராகிய சுபார்சுவநாதரும் இருபத்து மூன்றாம் தீர்த்தங்கரராகிய பார்சுவநாதரும் அவதரித்த மண். பதைனியில் சுபார்சுவருக்கும் பேலூபுரத்தில் பார்சுவருக்கும் ஆலயங்கள் உள்ளன. அருகிலுள்ள சிம்மபுரியில் சிரேயாம்சரும் சந்திரபுரியில் சந்திரப்பிரபரும் தோன்றினர் என்பது மரபு. நான்கு தீர்த்தங்கரர் பிறந்த பெருமை வாய்ந்த அம்மண்ணில் ஒரு ஜைன மாணவன் அமர்ந்து தருக்கம் கற்பதற்கு ஒரு சாண் இடம் இல்லை என்னும் எண்ணம் அவர் நெஞ்சை அறுத்தது.

இங்கு நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அவமதிக்கப்பட்டவர் சினம் கொள்ளவில்லை. தம்மை விலக்கியவரையோ அவர் சமயத்தையோ பழித்துத் திரியவில்லை. தமக்கு நேர்ந்தது இனி வரும் எந்த மாணவனுக்கும் நேரலாகாது என்று மட்டுமே உறுதி கொண்டார். அதே காசியில், அதே அந்தணப் பண்டிதர் மரபில், அம்பாதாஸ் சாஸ்திரி என்னும் பேரறிஞர் இருந்தார். சுவேதாம்பர மரபினர் நடத்திய பாடசாலையில் அவர் நியாயம் கற்பித்து வந்தார். வர்ணிஜி அவரை அணுகினார். சாஸ்திரியார் சமயம் பாராது மாணவனின் ஆர்வத்தைப் பார்த்தார், கற்பிக்க இசைந்தார். மூடிய கதவும் திறந்த கதவும் ஒரே தெருவில் இருந்தன என்னலாம்.

அறுபத்து நான்கு அஞ்சலட்டைகள்

தமக்கு ஆசிரியர் கிடைத்தவுடன் வர்ணிஜி அமைதியுற்றிருக்கலாம். அவர் மனமோ பின்வரும் மாணவரையே எண்ணிக்கொண்டிருந்தது. காசியில் ஒரு திகம்பர ஜைனப் பாடசாலை வேண்டும் என்று கண்டோரிடமெல்லாம் சொல்லி வந்தார். கேட்டோர் நன்று என்றனர். பொருள் தர முன்வந்தார் இலர். அந்நிலையில் காமா என்னும் ஊரைச் சேர்ந்த ஜம்மன்லால் என்பவர் அவர் கையில் ஒரு ரூபாயை வைத்தார். பெருஞ்செல்வரின் கொடையன்று அது. எளியவர் ஒருவரின் மனமுவந்த காணிக்கை.

ஒரு ரூபாயைக் கொண்டு பாடசாலை கட்ட இயலுமா? பிறராயின் சிரித்துவிட்டு அதனை உண்டியலில் இட்டிருப்பர். வர்ணிஜி அஞ்சல் நிலையத்திற்கு நடந்தார். அந்நாளில் ஓர் அஞ்சலட்டையின் விலை கால் அணா. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. ஆதலின் அறுபத்து நான்கு அட்டைகள் கிடைத்தன. அவற்றில் தம் கைப்பட எழுதி, நாட்டின் பல பகுதிகளில் இருந்த அறுபத்து நான்கு ஜைனப் பெருமக்களுக்கு அனுப்பினார். காசியில் கல்விச்சாலை அமைய வேண்டியதன் தேவையை அவ்வட்டைகள் எடுத்துரைத்தன.

மறுமொழிகள் வரலாயின. சிலர் மாதந்தோறும் சிறுதொகை அனுப்ப ஒப்பினர். சிலர் ஊக்க மொழி எழுதினர். பீகாரைச் சேர்ந்த ஆரா நகரில் ஜைன சித்தாந்த பவனம் என்னும் சுவடி நூலகத்தை நிறுவிய பாபு தேவகுமார் அவர்கள் பேருதவி புரிந்தார். அவர் குடும்பத்தாரின் ஆலயமும் தருமசாலையும் பதைனியில் கங்கைக் கரையில் இருந்தன. சுபார்சுவநாதர் அவதரித்த அத்திருவிடத்திலேயே பாடசாலைக்கு இடம் கிடைத்தது. 1905-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மும்பைப் பெருவணிகரும் கொடைவள்ளலுமாகிய சேட் மாணிக்சந்த் ஹீராசந்த் அவர்களின் திருக்கரத்தால் பாடசாலை தொடங்கப்பெற்றது. அதுவே ஸ்யாத்வாத மகாவித்யாலயம்.

ஒரு பொருளைப் பல நோக்கிலிருந்து காண்பதே ஸ்யாத்வாதம். ஒரு கோணத்தில் மட்டும் நின்று முடிவு கூறி, மாணவனை வாயிலில் நிறுத்திய நகரில், பல கோணங்களையும் மதிக்கும் தத்துவத்தின் பெயரால் ஒரு பள்ளி எழுந்தது. அதன் முதன்மை ஆசிரியராக அம்பாதாஸ் சாஸ்திரி அமர்ந்தார். ஜைன நெறியைக் காக்க எழுந்த பள்ளியில் அந்தண ஆசிரியர் தலைமையேற்றமை அப்பெயருக்கு முற்றிலும் ஏற்புடையதே.

நிறுவியவரே முதல் மாணவர்

உலகில் பள்ளி நிறுவியோர் பலர். தாம் நிறுவிய பள்ளியில் தாமே முதல் மாணவராகச் சேர்ந்து, ஏனைய மாணவரோடு ஒரே பாயில் அமர்ந்து பாடம் கேட்டவர் வர்ணிஜி. நிறுவுநர் என்னும் உரிமையால் தனி இருக்கையோ தனி உணவோ அவர் பெறவில்லை. பாபா பாகீரத வர்ணி என்னும் துறவுள்ளம் கொண்ட பெரியவர் பாடசாலையின் மேற்பார்வைப் பொறுப்பை ஏற்றிருந்தார். அவர் கண்டிப்புக்குப் பெயர்பெற்றவர்.

காசிக்கு எதிர்க்கரையில் உள்ள இராமநகரில் காசி அரசரின் ஆதரவில் நடைபெறும் இராமலீலை புகழ்பெற்றது. ஒருமுறை வர்ணிஜி இளமாணவர் சிலருடன், இசைவு பெறாமல், படகேறி அவ்விழாவைக் காணச் சென்றுவிட்டார். செய்தி பாகீரத வர்ணியின் செவிக்கு எட்டியது. பாடசாலையை உருவாக்கியவர் என்றும் பாராமல், விதியை மீறிய மாணவரை வெளியேற்றுமாறு ஆணை பிறந்தது. வர்ணிஜி அதனை எதிர்த்து ஒரு சொல்லும் கூறவில்லை. தாம் நிறுவிய பள்ளி என்று உரிமை பேசவில்லை. தம் பிழையை ஒப்பி, விடைபெறும் முகத்தான் அவை முன் உள்ளமுருகப் பேசினார். கேட்டோர் கலங்கினர், பாகீரத வர்ணியும் நெகிழ்ந்து ஆணையைத் திரும்பப் பெற்றார்.

இந்நிகழ்ச்சி பாடசாலையின் பழங்கதைகளுள் ஒன்றாக நிலைத்துவிட்டது. விதி என்பது நிறுவியவர்க்கும் நேற்று வந்து சேர்ந்த சிறுவனுக்கும் ஒன்றே என்பதை அது மாணவர் தலைமுறைக்கு உணர்த்தி வருகிறது. அறக்கட்டளைகளை நடத்துவோர் அனைவரும் மனத்தில் பதிக்க வேண்டிய பாடம் இது. நிறுவனம் யாரால் எழுந்ததோ அவரே அதன் ஒழுங்குக்கு முதலில் தலைவணங்கினால், ஏனையோர் வணங்குவதற்குத் தயங்கார்.

நியாய சாத்திரத்தில் வர்ணிஜி அம்பாதாஸ் சாஸ்திரியிடம் படிப்படியாகக் கற்றார். அஷ்டசகஸ்ரீ என்னும் பெருநூலை முடித்த நாளில் ஆசிரியர்க்கு வைர மோதிரம் ஒன்றைக் காணிக்கையாக்கினார். அந்நூலின் சிறப்பை நம்மவர் அறிதல் வேண்டும். காஞ்சியோடு தொடர்புபடுத்தி நம் முன்னோர் போற்றும் சமந்தபத்திர ஆசாரியர் 114 சுலோகங்களால் ஆப்த மீமாம்சையை இயற்றினார். அதற்கு அகளங்க தேவர் எண்ணூறு என்னும் பொருள்பட அஷ்டசதி என்ற உரை கண்டார். அவ்வுரையை விரித்து வித்தியாநந்தர் எண்ணாயிரம் என்னும் பொருள்பட அஷ்டசகஸ்ரீயை அருளினார். திருப்பணமூர், கரந்தை ஆகிய ஊர்களில் அகளங்கரை நாம் இன்றும் நினைந்து வழிபடுகிறோம். தென்னாட்டு ஆசாரியர்கள் ஏற்றிய அவ்விளக்கு, கங்கைக் கரையில் ஒரு சிறு பள்ளியில் மீண்டும் சுடர்விட்டது என்பதை எண்ணுங்கால் நம் உள்ளம் பூரிக்கின்றது.

பள்ளியின் மரபுகள்

வித்யாலயம் பெரிய கட்டடங்களால் பெயர்பெற்றதன்று. கங்கைக் கரை, அருகே ஆலயம், மாணவர் தங்கும் அறைகள், சுவடியும் நூலும் நிறைந்த பேழைகள் ஆகியனவே அதன் உடைமைகள். மாணவர் அங்கேயே தங்கிக் கற்றனர். வைகறையில் எழுதல், ஆலய வழிபாடு, வடிகட்டிய நீரையே அருந்துதல், கதிரவன் மறையுமுன் உண்டு முடித்தல் ஆகிய ஒழுக்கங்கள் பாடத்தின் பகுதியாகவே அமைந்தன. ஒழுக்கம் வேறு, கல்வி வேறு என்று பிரிக்கும் எண்ணத்திற்கு அங்கே இடமில்லை.

இலக்கணம், இலக்கியம், நியாயம், சித்தாந்தம் என நான்கு துறைகளிலும் கல்வி நடந்தது. பரீட்சாமுகம், நியாய தீபிகை போன்ற தொடக்க நூல்களில் தொடங்கி, பிரமேய கமல மார்த்தாண்டம், அஷ்டசகஸ்ரீ போன்ற கடல்களில் மாணவர் இறங்கினர். ஜைன நூல்களோடு நில்லாது, பிற தரிசனங்களையும் அவரவர் மூல நூல் வழியாகவே கற்றனர். பிறர் கொள்கையை அவர் கூறியவாறே அறிந்த பின்னரே அதனை ஆராய வேண்டும் என்பது அங்கு நிலவிய முறை. காசி அரசினர் வடமொழிக் கல்லூரித் தேர்வுகளையும் கல்கத்தாவின் நியாய தீர்த்தத் தேர்வையும் மாணவர் எழுதினர். ஜைனர்க்கு நியாயம் கற்பிக்கலாகாது என்று சொல்லப்பட்ட ஊரிலிருந்து ஜைன நியாயாசாரியர்கள் புறப்பட்டனர்.

அப்பள்ளியின் கனிகளைக் கணக்கிட்டால் இம்மலர் போதாது. பண்டிதர் கைலாசசந்திர சாஸ்திரி அவர்கள் அங்கே நெடுங்காலம் முதல்வராக வீற்றிருந்து மாணவர் பரம்பரையை வளர்த்தார். ஜைன நியாயத்தைப் பற்றி இந்தியில் அரிய நூல் எழுதினார். அங்கு நியாயம் கற்பித்த பண்டிதர் மகேந்திரகுமார் அவர்கள் அகளங்கருடைய நூல்களையும் அவற்றின் உரைகளையும் ஒப்புநோக்கிப் பதிப்பித்து உலகிற்கு வழங்கினார். நியாய குமுத சந்திரம் 1938, 1941 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்தது. அதனை வெளியிட்ட நூல்வரிசை, பாடசாலையைத் தொடங்கி வைத்த சேட் மாணிக்சந்த் அவர்களின் பெயரைத் தாங்கியது. கொடுத்தவர் பெயர் நூலின் முகப்பிலும் கற்றவர் உழைப்பு அதன் உள்ளும் ஒன்றுகூடிய அழகை என்னென்பது! 1942-ஆம் ஆண்டு நாட்டு விடுதலைப் போர் மூண்டபோது வித்யாலய மாணவர் பலர் அதில் ஈடுபட்டுத் துன்புற்றனர். சுவடியைப் புரட்டிய கைகள் நாட்டையும் மறக்கவில்லை.

ஊர்தோறும் பாடசாலை

காசியில் ஒரு விளக்கு ஏற்றியதோடு வர்ணிஜி ஓயவில்லை. தாம் பிறந்த புந்தேல்கண்டின் இருளை அவர் நன்கு அறிந்தவர். சாகர் நகரில் சத்தர்க்க சுதா தரங்கிணி என்னும் பாடசாலை அவர் முயற்சியால் எழுந்தது. பின்னாளில் அது அவர் பெயரையே தாங்கி, கணேஷ் திகம்பர ஜைன வடமொழி மகாவித்யாலயமாக வளர்ந்தது. ஆதி புராணத்தை இந்தியில் பெயர்த்த பண்டிதர் பன்னாலால் சாகித்தியாசாரியர் அதன் மாணவர். பின்னர் அதன் ஆசிரியர். துரோணகிரி, பருவாசாகர் முதலிய இடங்களிலும் பாடசாலைகள் தோன்றின. வர்ணிஜி செல்லும் ஊர்களில் முதலில் அவர் வினவுவது அவ்வூர்ப் பிள்ளைகள் எங்கே கற்கின்றனர் என்பதே.

கல்வியோடு இணைந்த மற்றொரு பணியும் அவருடையது. சிறு பிழைகளுக்காகவும் பொய்க் குற்றச்சாட்டுகளுக்காகவும் குடும்பங்களைச் சாதியினின்று விலக்கி வைக்கும் வழக்கம் அந்நாளில் கொடுமையாக நிலவியது. விலக்கப்பட்டவர் ஆலயத்தில் நுழையவும் இயலாது. அவர் வீட்டு மகளிர்க்கு மணமும் நிகழாது. வர்ணிஜி பஞ்சாயத்துகளில் அமர்ந்து, பொறுமையுடன் வழக்குக் கேட்டு, அத்தகைய குடும்பங்களை மீண்டும் சமூகத்தில் சேர்ப்பித்தார். வாயிலில் நிறுத்தப்படுதலின் துயரைத் தாம் அறிந்தவராதலின், பிறர் வாயிலில் நிற்பதை அவரால் காணப் பொறுக்கவில்லை.

1945-ஆம் ஆண்டு ஜபல்பூரில் இந்திய தேசிய இராணுவத்து வீரர்களுக்கு உதவும் பொருட்டுக் கூட்டம் ஒன்று நடந்தது. உடைமை ஏதுமில்லாத வர்ணிஜி தாம் போர்த்தியிருந்த மேலாடையை எடுத்துக் கொடுத்தார். அந்த ஆடை மூவாயிரம் ரூபாய்க்கு ஏலம் போயிற்று. ஒரு ரூபாயில் பள்ளி எழுப்பியவரின் ஒரு துண்டு ஆடைக்கு மக்கள் வைத்த மதிப்பு அது.

நாடு விடுதலை பெற்ற பின் அரிசன மக்களின் ஆலய நுழைவு பற்றிய வாதம் ஜைன சமூகத்திலும் எழுந்தது. வர்ணிஜி அஞ்சாமல் தம் கருத்தை எழுதினார். அறத்தை ஏற்கும் தகுதி ஆன்மாவுக்கு உரியதேயன்றிப் பிறந்த குலத்திற்கு உரியதன்று என்பதே அவர் நிலை. அதனால் தம் மக்களிடமிருந்தே வன்மையான எதிர்ப்பு அவருக்கு வந்தது. துறவு நிலையின் அடையாளமாக அவர் ஏந்திய பிஞ்சியையும் கமண்டலத்தையும் பறிக்க வேண்டும் என்றும் சிலர் கூறினர். அவர் கலங்கவில்லை. அக்கருவிகளைப் பறிக்கலாம், ஆன்மாவில் விளைந்த அறத்தை எவராலும் பறிக்க முடியாது என்னும் தெளிவில் அவர் நிலைத்திருந்தார். வைணவ இல்லத்தில் பிறந்து அருகன் அடி சேர்ந்தவர்க்குப் பிறப்பு ஒரு தடை என்று எவர்தாம் உரைக்க இயலும்?

இறுதிப் பயணம்

பிரமசரிய நோன்பு பூண்டு வர்ணி என்னும் பெயர் பெற்றவர், ஆண்டுகள் செல்லச் செல்ல ஊர்திகளைத் துறந்து நடந்தே செல்லலானார். பின்னர் க்ஷுல்லக தீக்கை ஏற்றார். மேரீ ஜீவன் காதா என்னும் தன் வரலாற்றை எளிய இந்தியில் எழுதினார். தம் குறைகளை ஒளிக்காமலும் தமக்கு உதவிய எளியோர் பெயர்களை விடாமலும் எழுதப்பட்ட அந்நூல் இந்தி உரைநடையில் ஓர் அரிய படைப்பு.

வாழ்வின் கடைசி ஆண்டுகளைச் சம்மேத சிகரத்தின் அடிவாரத்தில் உள்ள ஈசரியில் கழித்தார். இருபது தீர்த்தங்கரர் வீடுபேறு எய்திய அம்மலையின் நிழலில், உடல் தளர்ந்தபோது சல்லேகனை மேற்கொண்டு, இறுதியில் கணேச கீர்த்தி என்னும் பெயருடன் முனி நிலை எய்தி, 1961-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் அமைதியாக உடலைத் துறந்தார். அதற்கடுத்த ஆண்டிலிருந்து அதே செப்டம்பர் 5-ஆம் நாளை நாடு ஆசிரியர் நாளாகக் கொண்டாடி வருகிறது. அது வேறொரு பெரியாரின் பிறந்த நாளை ஒட்டியது. ஆயினும் ஓர் ஆயிரம் ஆசிரியரை உருவாக்க உழைத்தவரின் நினைவு நாளும் அதுவே என்பதை நாம் சேர்த்தே எண்ணிக்கொள்ளலாம்.

நமக்குரிய பாடம்

வர்ணிஜியின் வரலாற்றைப் படித்து வியப்பதோடு அமைதல் போதாது. நம் ஊர் ஜினாலயங்களிலும் சுவடிகள் உள்ளன. படிப்பார் குறைந்து வருகின்றனர். விழாவுக்கு வாரி வழங்கும் நம் கைகள் பாடசாலைக்கு வழங்குங்கால் சற்றே தயங்குகின்றன. பெருநிதி திரண்ட பின்னரே கல்விப் பணி தொடங்க வேண்டும் என்று காத்திருக்கிறோம். காசியில் எழுந்த அப்பள்ளியின் மூலதனம் ஒரு ரூபாயும் அறுபத்து நான்கு அட்டைகளுமே. அந்த ஒரு ரூபாயைத் தந்தவர் அதன் பயனை எதிர்பார்த்தாரா என்பது ஒருபுறமிருக்க, பெற்றவர் அதனைச் சிறிதென்று தள்ளவில்லை என்பதே நாம் கொள்ள வேண்டிய செய்தி.

விடுமுறை நாள்களில் ஆலயத் தாழ்வாரத்தில் நான்கு பிள்ளைகளை அமர்த்தி நமஸ்கார மந்திரத்தின் பொருளைச் சொல்லித் தரும் தாய்மார்கள் நம்மிடையே உள்ளனர். அறம் கேட்க எவர் வந்தாலும் குலம் கேளாமல் இடம் தரும் பெரியோரும் உள்ளனர். அவர்கள் பணி சிறிதெனத் தோன்றலாம். மடாவராவில் ஆலய வாயிலில் புராணம் கேட்க அமர்ந்த பிள்ளையும் ஒரு சிறுவனே. அவனை அன்று எவரும் எழுப்பி அனுப்பாமையால் அல்லவோ நமக்கு ஒரு வர்ணிஜி கிடைத்தார்! சாத்திர தானம் செழிக்க. அருகன் அறம் ஓங்குக.